மிதக்கும் வீடு, ஓடும் வீடு

குளிர் தொடங்கியதும் அமெரிக்க முதியவர்கள் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். சிலர் பாய்மரப் படகில், சிலர் மோட்டார் ஹோமில், வசதியுள்ள சிலர் இரண்டிலும். இரண்டுமே ஓட வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநில எல்லைக்குள் நுழைந்ததும், 17ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வரவேற்பு மையம் இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் வாசல். காரில் வருகிறவர்கள் முன்பக்கமாக நுழைகிறார்கள். பின்பக்கம் ஒரு பழைய கால்வாய். அதில் வருகிறவர்கள் மரத்தாலான துறையில் படகைக் கட்டிவிட்டு மேலேறி வருகிறார்கள். நெடுஞ்சாலைப் பயணிகளையும் படகுப் பயணிகளையும் ஒரே கட்டடத்தில் வரவேற்கும் இடம் அந்தப் பக்கத்தில் வேறு கிடையாது என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அக்டோபர் மாத முடிவில் இந்த இடம் களைகட்டும். முன்னால் பஸ் நீளத்துக்கு மோட்டார் ஹோம்கள். பின்னால் துறையில் இடம் போதாமல் ஒரு படகின் விலாவில் இன்னொரு படகைக் கட்டியிருப்பார்கள். படகிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் வண்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் தோற்றத்தில் அதிக வித்தியாசம் இருக்காது. அறுபதைத் தாண்டிய கணவன், மனைவி. பல சமயம் கூடவே ஒரு நாய். பேசுவதும் ஒரே விஷயம்தான்: வானிலை, டீசல் விலை, முழங்கால் வலி.

'பனிப்பறவைகள்' என்று அமெரிக்கர்கள் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேடந்தாங்கலுக்கு வரும் நாரைகளைப் போலக் குளிருக்குத் தெற்கே, கோடைக்கு வடக்கே என்று வலசை போகிறவர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஊரில் வீடு இருக்கும். ஆனால் வீட்டை விற்று, மர பீரோவையும் சாப்பாட்டு மேஜையையும் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு, 36 அடிப் படகையோ மோட்டார் ஹோமையோ முழுநேர வீடாக்கிக்கொண்டவர்களும் நிறையப் பேர். இரண்டையும் வைத்திருப்பவர்களின் கணக்கு சுலபமானது. நவம்பர் முதல் மே வரை படகில் ஃப்ளோரிடா, பஹாமாஸ். ஜூன் முதல் தேதி புயல் பருவம் தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கும்; அந்தக் காலத்தில் படகு தெற்கில் மிதந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முகம் சுளிக்கும். எனவே படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்துவிட்டு மோட்டார் ஹோமில் மலைகளையும் தேசியப் பூங்காக்களையும் நோக்கிக் கிளம்பிவிடுவார்கள். 62 வயது நிரம்பிய அமெரிக்கருக்குத் தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் வாழ்நாள் அனுமதிச் சீட்டு உண்டு. நெடுங்காலம் அதன் விலை வெறும் 10 டாலர். 2017இல் அதை 80 டாலராக உயர்த்தியபோது, பழைய விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று முதியவர்கள் முண்டியடித்தார்கள்.

வரவேற்பு மையத்தின் பின்னால் ஓடும் கால்வாய் பெரிய நீர்வழி ஒன்றின் கிளை. வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் 'மைல் பூஜ்யம்'. அங்கிருந்து மயாமி வரை சுமார் 1,750 கி.மீ. தூரத்துக்கு, ஆறுகளையும் உப்பங்கழிகளையும் வெட்டிய வாய்க்கால்களையும் கோத்து, கடலுக்குள் போகாமலே கடலோரமாகப் போக வழி செய்திருக்கிறார்கள். நம்முடைய பக்கிங்ஹாம் கால்வாயும் இதே யோசனையில் பிறந்ததுதான். அது சாக்கடையாகிச் சுருங்கியது. இது ராணுவப் பொறியாளர் பிரிவின் பராமரிப்பில் இன்றும் ஓடுகிறது, சுங்கமும் இல்லை. வழி தேவைப்பட்டதற்குக் காரணம் வெளியே இருக்கும் ஹாட்டராஸ் முனை. கப்பல்களின் இடுகாடு என்று பெயரெடுத்த கடல் அது. எழுபது வயதுத் தம்பதி தங்கள் வீட்டோடு அந்த முனையைச் சுற்றிவர ஆசைப்படமாட்டார்கள்.

கிளைக் கால்வாயின் பெயர் டிஸ்மல் ஸ்வாம்ப். 'துயரச் சதுப்பு' என்று சொல்லலாம். 1805இல் திறக்கப்பட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று அதை வெட்டியவர்கள் கறுப்பின அடிமைகள். தப்பியோடிய அடிமைகள் பலர் ஒளிந்து வாழ்ந்ததும் இதே சதுப்பில்தான். கரையோர மரங்களின் சாறு ஊறித் தண்ணீர் காபி டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. ஆழம் ஆறடிதான். இரண்டு முனைகளிலும் மதகு அறைகள். குறித்த நேரத்துக்கு மதகுக் கதவு திறக்கும். படகு உள்ளே போனதும் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். மணிக்குப் பத்து கி.மீ. வேகத்தில் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் காத்திருப்பது பெரிதில்லை.

கால்வாய் முடிந்து ஆறு விரியும் இடத்தில் எலிசபெத் சிட்டி. ஃப்ரெட் ஃபியரிங் என்ற ஓய்வுபெற்ற தபால்காரரும் அவருடைய நண்பர் ஜோ கிராமரும் 1983இல் இங்கே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். துறையில் வந்து நிற்கும் படகுகளில் உள்ள பெண்களுக்கு, கிராமரின் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஆளுக்கொரு ரோஜா. பிறகு எல்லாருக்கும் ஒயினும் பாலாடைக்கட்டியும். நகராட்சி தன் பங்குக்கு 48 மணி நேரம் கட்டணமில்லாமல் படகைக் கட்ட இடம் தந்தது. கிராமர் இறந்த பிறகு அவருடைய ரோஜாச் செடிகளைத் துறைக்கே கொண்டுவந்து நட்டார்கள். ஃபியரிங் 2007இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். ஊரில் காரில் வந்து தங்கிப்போகும் யாருக்கும் கிடைக்காத இந்த மரியாதை படகுக்காரர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்கலாம். அடுத்த நாள் அவர்கள் ஆல்பமார்ல் உப்பேரியைக் கடக்க வேண்டும் என்பதுதான் பதில். பார்வைக்குச் சாதுவான ஏரி, ஆழம் குறைவு. காற்று சற்றே திரும்பினாலும் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பிப் படகைக் குலுக்கி எடுத்துவிடும். பல பெண்கள் அந்த ரோஜாவை வாங்கிக்கொண்டு பயணத்தை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பார்கள்.

பாய்மரப் படகு என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். இந்த நீர்வழியில் பெரும்பாலும் எஞ்சின்தான் ஓடும். பாய் சுருட்டிக் கிடக்கும். மரத்தின் உயரம் மட்டும் தலைவலி. நிலையான பாலங்கள் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து 65 அடி உயரத்தில் நிற்கின்றன. மயாமியில் ஒன்று 56 அடிதான். அதற்கு மேல் மரம் உள்ள படகு வெளிக் கடலுக்குப் போய்த்தான் சுற்றி வரவேண்டும். ஜார்ஜியாவுக்கு வந்தால் வேறு தொல்லை. ஏற்றவற்றம் அங்கே ஏழு முதல் ஒன்பது அடி. காலையில் ஏரியாகத் தெரிந்தது மதியம் சேறாகக் கிடக்கும். தரைதட்டாதவர் யாரும் இல்லை, தட்டியதை ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் உண்டு என்று அங்கே ஒரு பேச்சு. ஆண்டுச் சந்தா கட்டினால் இழுத்துவிட வரும் படகுகள் இருக்கின்றன. தரைதட்டிய தம்பதி பாதி சாய்ந்த படகில் உட்கார்ந்து, ஏற்றம் வரும்வரை சீட்டு விளையாடுவதும் உண்டு.

இந்த வாழ்க்கையின் அந்தரங்கம் நங்கூரம் போடும் நேரத்தில் வெளிப்பட்டுவிடும். ஒருவர் அணியத்தில் நின்று நங்கூரத்தை இறக்க வேண்டும். மற்றவர் பின்னால் சுக்கானில். நடுவில் முப்பதடி தூரம், எஞ்சின் இரைச்சல், காற்று. 'இன்னும் கொஞ்சம் பின்னால்' என்று இவர் கத்துவது அவருக்கு 'முன்னால்' என்று கேட்கும். பக்கத்துப் படகுகளில் இருப்பவர்கள் காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்ப்பார்கள். இதற்காகவே காதில் மாட்டிக்கொள்ளும் கம்பியில்லாப் பேச்சுக் கருவிகள் விற்கின்றன. படகுக்காரர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயரின் பொருள் 'தாலி காப்பான்' என்பதற்குச் சமம்.

பழைய வழக்கப்படி சுக்கான் கணவரிடம். கயிற்றோடு துறைக்குத் தாவுவதும் நங்கூரம் இழுப்பதும் மனைவியின் வேலை. யோசித்துப் பார்த்தால் இது தலைகீழ். சுக்கானைத் திருப்ப விரல் பலம் போதும். முப்பது கிலோ சங்கிலிக்குத்தான் உடல் வேண்டும். படகுப் பத்திரிகைகளும் பெண்களுக்கென்று நடக்கும் பாய்மரப் பள்ளிகளும் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகின்றன. வாதம் சமத்துவத்தைப் பற்றியது மட்டுமல்ல. கணவருக்கு நடுக்கடலில் மாரடைப்பு வந்தால் என்ன செய்வது? அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பி அவரிடம் கொண்டுவரத் தெரியுமா? இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்து ரேடியோவில் உதவி கேட்கத் தெரியுமா? சமையலறைக்குப் பக்கத்தில் ரேடியோவில் சொல்ல வேண்டிய வாசகங்களை எழுதி ஒட்டியிருக்கும் படகுகள் ஏராளம். அந்தக் காகிதத்தைப் பற்றி இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ஃப்ளோரிடாவில் வீரோ பீச் என்று ஓர் ஊர். இதமான வெயில், நெருக்கத்தில் கடைகள், மிதவையில் படகைக் கட்ட மலிவான வாடகை. இரண்டு நாள் தங்க வந்து இரண்டு மாதம் ஒட்டிக்கொண்டவர்கள் அதற்கு 'வெல்க்ரோ பீச்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இன்னும் தெற்கே மாரத்தான் நகரின் பூட் கீ துறையில் இருநூறுக்கும் மேற்பட்ட மிதவைகள். காலையில் ரேடியோவில் ஒருவர் 'சபை'யைக் கூட்டுவார்: யார் புதிதாக வந்தது, யாருக்கு மோட்டார் பழுது, யாரிடம் பழைய பாய் விற்பனைக்கு, இன்று யோகா வகுப்பு எத்தனை மணிக்கு. நம் ஊர்த் திண்ணைப் பேச்சுதான், அலைவரிசை எண்ணோடு.

ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவுக்கு 80 கி.மீ.தான். ஆனால் நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஆறாகப் பாய்கிறது. வடக்கிலிருந்து காற்றடித்தால் நீரோட்டமும் காற்றும் மோதி அலைகள் சுவராக எழும்பும். எனவே தெற்குக் காற்றுக்காக நாட்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். குறித்த தேதிக்கு விமானம் ஏற வேண்டிய பேரனோ பேத்தியோ படகில் இருந்தால் காத்திருக்கும் பொறுமை போய்விடும். பயணத்தில் நாட்காட்டியைவிட ஆபத்தான பொருள் இல்லை என்று அனுபவஸ்தர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

பஹாமாஸில் எக்ஸூமா தீவின் ஜார்ஜ் டவுன் துறையில் பிப்ரவரி, மார்ச்சில் நூற்றுக்கணக்கான படகுகள் நங்கூரமிட்டிருக்கும். அதற்கு அப்பால் திறந்த கடல். கரீபியன் வரை போகிறோம் என்று கிளம்பியவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோழைத் துறைமுகம் என்று அதற்கு ஒரு கேலிப் பெயர். கேலி செய்கிறவர்கள் வயதில் சிறியவர்கள். 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் மருத்துவச் செலவை ஏற்கும் அரசுத் திட்டமான மெடிகேர், பொதுவாக நாட்டின் எல்லைக்கு வெளியே செல்லாது. தீவில் பக்கவாதம் வந்தால் ஃப்ளோரிடாவுக்கு ஆம்புலன்ஸ் விமானம்தான். அதன் பில்லில் ஒரு படகே வாங்கலாம். மருந்து டப்பாவில் எத்தனை மாதத்துக்கு மாத்திரை இருக்கிறது என்பது, டாங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதைப் போலவே பயணத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

ஆக, முதலில் கைவிட்டுப் போவது கடல். அதுவும் படிப்படியாகத்தான். பாயை ஏற்றி இறக்கத் தோள் மறுக்கும்போது பாய்மரப் படகை விற்று, எஞ்சினில் மட்டும் ஓடும் 'ட்ராலர்' படகு. படகுக்கும் துறைக்கும் நடுவே எட்டு வைக்கக் கால் தயங்கும்போது அதையும் விற்று மோட்டார் ஹோம். இந்த வரிசையைப் படகுக்காரர்கள் வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அக்டோபரில் அனாபலிஸ் படகுக் கண்காட்சியில், விற்றுவிட்ட தங்கள் படகைப் போன்ற ஒன்றில் ஏறிப் பார்த்துவிட்டு மெளனமாக இறங்கிச் செல்லும் முதியவர்களுக்கு அது வேடிக்கையில்லை.

சாலை சற்று இரக்கமுள்ளது. வண்டியை ஓரமாக நிறுத்தலாம். கடலை நிறுத்த முடியாது. மோட்டார் ஹோமுக்குள் படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் படகில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கின்றன. பின்னால் ஒரு சிறு காரையும் கட்டி இழுத்துக்கொள்ளலாம். பெரிய வண்டிகள் லிட்டருக்கு மூன்று, நான்கு கி.மீ. கொடுத்தாலே அதிகம். கழிவுத் தொட்டியைக் குறித்த இடத்தில் நிறுத்திக் குழாய் போட்டு வடிக்கும் வேலையை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. படகில் மனைவி தலையில் விழுந்த அழுக்கு வேலைகளுக்குப் பரிகாரமாக இது அநேகமாகக் கணவர் பொறுப்பு.

இந்த மோகத்துக்கு வயது அதிகம். ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிற இழுவை வீடுகளைத் தயாரித்த வாலி பயாம், 1951 முதல் வாடிக்கையாளர்களைக் கூட்டம் கூட்டமாக வெளிநாடுகளுக்கு அழைத்துப் போனார். 1959இல் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை நாற்பது சொச்சம் வண்டிகள் ஆப்பிரிக்காவையே நெடுக்காகக் கடந்தன. 1966இல் அயோவாவின் வின்னபேகோ கம்பெனி மோட்டார் ஹோம்களை வரிசையாகத் தயாரித்து மலிவாக விற்கத் தொடங்கியதும் அது சாதாரண பென்ஷன்காரர்களுக்கும் எட்டியது. இன்று ஜனவரியில் அரிசோனா பாலைவனத்தின் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றி எண்ணி மாளாத வண்டிகள் நிற்கின்றன. தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. அரசு நிலத்தில் சிறு தொகை கட்டினால் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தங்கலாம்.

எல்லாரும் ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. 2008இன் வீட்டுக்கடன் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வாடகை கொடுக்க வழியில்லாமல் பழைய வேனில் குடியேறிய முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா ப்ரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' என்ற புத்தகம் எழுதினார். பின்னர் அது ஆஸ்கர் வாங்கிய படமாயிற்று. பண்டிகைக் காலத்தில் கிடங்குகளில் பெட்டி சுமக்க இப்படிப்பட்ட வண்டிவாசிகளுக்கென்றே அமேசான் பல ஆண்டுகள் ஒரு திட்டம் நடத்தியது. குவார்ட்ஸைட் மணலில் இவர்களும் லட்சக்கணக்கான டாலர் வண்டிக்காரர்களும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். சூரிய அஸ்தமனம் இருவருக்கும் ஒன்றுதான். மாதக் கடைசி ஒன்றல்ல.

வீடில்லாதவருக்கு விலாசம் எது? ஓட்டுநர் உரிமத்துக்கு வேண்டும், வங்கிக்கு வேண்டும், வாக்குரிமைக்கு வேண்டும். இதில் ஒரு தொழிலே நடக்கிறது. மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃப்ளோரிடா, தெற்கு டகோட்டா ஆகியவற்றில் தபால் வாங்கி அனுப்பும் நிறுவனங்கள் விலாசத்தை வாடகைக்குத் தருகின்றன. ஃப்ளோரிடாவின் க்ரீன் கோவ் ஸ்ப்ரிங்ஸ் என்ற சிற்றூரை விலாசமாகக் கொண்ட படகுகள் உலகத்தின் எல்லாக் கடல்களிலும் மிதக்கின்றன.

விலாசம் கிடைத்துவிடும், நிழல் கிடைப்பது நிச்சயமில்லை. 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஏறியபோது, ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடலைப் பார்த்தபடி இருந்த வண்டிப் பூங்கா துடைத்தெடுக்கப்பட்டது. துறைகளில் நின்ற படகுகள் தெருக்களில், வீடுகளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஓடும் வீடு என்பதன் பயனே புயலுக்கு முன் ஓடிவிடலாம் என்பதுதான். பல பருவங்களாக ஒரே இடத்தில் நின்று, வாசலில் பூந்தொட்டியும் திண்ணையும் வைத்துவிட்ட வண்டி ஓடாது.

புயல் வராமலே ஓட்டம் நிற்கும் நாளும் உண்டு. கணவர் ஓட்ட, மனைவி வழிபார்க்க என்று ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டி, ஒருவருக்குக் கண் மங்கினாலோ நினைவு தப்பினாலோ நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது. நாற்பதடி வண்டியைப் பின்னோக்கி எடுக்க ஒருபோதும் பழகாத மனைவி, விதவையான மறுநாள் அதை என்ன செய்வார்? விதிவிலக்குகள் உண்டு. மிச்சிகனைச் சேர்ந்த நோர்மா பவர்ஷ்மிட் 2015இல் கணவரை இழந்த சில நாட்களில் தமக்குப் புற்றுநோய் என்று அறிந்தார். வயது 90. சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகன், மருமகளோடு அவர்களுடைய மோட்டார் ஹோமில் ஏறினார். ஓராண்டுக்கு மேல் நாடு முழுவதும் சுற்றி, 2016இல் வாஷிங்டன் மாநிலத்தின் கடலோரத் தீவு ஒன்றில் அந்தப் பயணத்திலேயே இறந்தார். அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. ஆனால் அவருக்கு ஓட்டிச் செல்ல ஒரு மகன் இருந்தார். வண்டியோட்ட ஒரு மகன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

வாய்க்காதவர்களுக்காகத்தான் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வடக்கே சுமார் 120 கி.மீ. தூரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே லிவிங்ஸ்டன் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனான ஜோ பீட்டர்சனும் நர்ஸான அவர் மனைவி கேயும் 1970 முதல் இழுவை வீட்டில் வாழ்ந்தவர்கள். தங்களைப் போன்றவர்களுக்காக 1978இல் 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் தபால் லிவிங்ஸ்டனுக்குத்தான் வருகிறது. சங்கத்தார் முதுமை அடைந்தபோது ஒன்று புரிந்தது: சாவியைக் கொடுத்துவிட்ட பின்னும் அவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போக மறுக்கிறார்கள். முக்கியமாக, கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டுமே பராமரிப்பு தேவை என்றால் இல்லம் இருவரையும் பிரித்துவிடும். நர்ஸாக இருந்தவருக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் தெரிந்தது.

1990களில் சங்க வளாகத்தை ஒட்டி ஒரு பராமரிப்பு மையம் எழுந்தது. அங்கே அறைகள் கிடையாது. வருகிறவர் தம் சொந்த மோட்டார் ஹோமையே கொண்டுவந்து குறித்த இடத்தில் நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் கழிவுக் குழாயும் இணைத்துக்கொள்கிறார். பொதுக் கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. துணி துவைக்க, வண்டியைச் சுத்தம் செய்ய, மருத்துவரிடம் அழைத்துப்போக ஆட்கள். நினைவு தப்பியவர்களைப் பகலில் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அவருடைய துணைக்குக் கொஞ்சம் தூங்கவோ, கடைக்குப் போகவோ, தபால் பார்க்கவோ முடிகிறது. சாயங்காலம் கூடத்திலிருந்து அழைத்து வந்து, அலாஸ்காவிலும் அரிசோனாவிலும் படுத்த அதே கட்டிலில் இருவரும் படுத்துக்கொள்கிறார்கள்.